கடையும் காணியும் கோஷமும்

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கிக் கைலாசபுரம் வழியாக ஆற்றை நோக்கி நடந்தால் தைப்பூச மண்டபத்துக்கு வந்துவிடலாம். கல் தூண்கள், தண்ணீருக்குள் இறங்கும் படிகள், துணி துவைக்கும் சத்தம். 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசிய இடங்களில் இந்தக் கரையும் ஒன்று. ஒலிபெருக்கி இல்லாத காலம். மணலில் பெருங்கூட்டம் உட்கார்ந்திருந்தால் முன்வரிசைக்குத்தான் பேச்சு முழுசாகக் காதில் விழுந்திருக்கும். கடைசி வரிசைக்கு எட்டியது ‘வந்தே மாதரம்’ என்ற இரண்டு சொல். அதை வாங்கித் தானும் சொல்லி, வீடு வரை கொண்டுபோனவர்கள்தான் அன்றைய நெல்லையின் பொதுக்கருத்து என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கோஷம் வங்காளத்தில் பிறந்து இங்கே வந்தது. 1906இல் பாரிசால் மாநாட்டில் அதைச் சொன்னவர்களைப் போலீஸ் தடிகொண்டு அடித்தது. 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது தமிழ் இளைஞர்களிடம் அது தொற்றிக்கொண்டது. ஆனால் சென்னையில் அது மாணவர்களின் உற்சாகமாக நின்றுவிட்டது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மட்டும் ஊரையே எழுப்பியது எப்படி? இங்கே கோஷத்துக்கு முன்னால் வேலை நடந்திருந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பலில் ஏறுவதா, நம்ம கப்பலில் ஏறுவதா என்பதை ஒவ்வொரு வியாபாரியும் சரக்கு அனுப்பும்போதெல்லாம் முடிவு செய்யவேண்டியிருந்தது. 1908 பிப்ரவரி 27இல் அதே ஊரின் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சிவாவும் பின்னால் நின்றார்கள். மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைத்தது. மில்லில் நூல் சுற்றிய ஒரு ஆளுக்கு ‘வந்தே மாதரம்’ என்றால் உயர்ந்த கூலியும் ஒரு நாள் ஓய்வும்தான். அதற்கு மேல் யாரும் அவருக்கு உரை எழுதித் தரத் தேவையில்லை.

மார்ச் 9இல் விபின் பாலர் சிறையிலிருந்து விடுதலையானார். அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக ஆறு மாதம் உள்ளே இருந்தவர். அந்த விடுதலையைக் கொண்டாடக்கூடாது என்றது மாவட்ட நிர்வாகம். கொண்டாடினார்கள். மார்ச் 12இல் கலெக்டர் விஞ்ச் முன்னால் ஆஜரான வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் 13ஆம் தேதி, திருநெல்வேலியில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட் எல்லாம் தாக்கப்பட்டன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள்.

அரசாங்கம் அதற்குக் ‘கலகம்’ என்று பெயர் வைத்தது. தண்டப் போலீஸ் படையை ஊரில் நிறுத்தி, அதற்கான செலவை ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலித்தது. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றம் பிறகு அதைக் குறைத்தது. ஒரு மனிதர் பேசிய பேச்சுக்கு அத்தனை ஆண்டுகள்! அந்தத் தீர்ப்பே அன்றைய ஆட்சிக்கு இரண்டு சொல்லின் மேல் எவ்வளவு பயம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி. கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனியும் போய்விட்டிருந்தது. வேலை நின்றதும் கோஷமும் ஒடுங்கிவிட்டது. இன்று அவருக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறது. தெருவில் விழுந்த அந்த 4 பேரைப் பற்றி நெல்லைக்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூலை எழுதி, 2024இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பிறகாவது இந்த ஊர் அந்த நாளை ஊன்றிப் படிக்கும் என்று நம்புகிறேன்.

சந்திப்பிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் கடை. ரத வீதிகளில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ஜவுளி, பாத்திரம், நகை, அல்வா. இந்தக் கதவுகள் சாத்தப்படும்போதுதான் ஒரு கோஷத்துக்கு எடை கூடுகிறது. 1908இல் அது தெரிந்தது. 2017இலும் தெரிந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற முழக்கம் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பிருந்தே ஒலித்துக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு போன்றவர்கள் வெயிலில் நின்று பேசினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். ஆற்று மணலுக்காகவும் அவரே கோர்ட்டுக்குப் போய் வாதாடி, 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்ததும், அதுவரை காதில் வாங்காதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மார்ச் 2ஆம் தேதியே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கம்பெனிகளுக்குத் தண்ணீர் தர இருந்த இடைக்காலத் தடையை விலக்கியது. கோர்ட்டில் தோற்ற கோஷம் பெட்டிக்கடையில் ஜெயித்தது. ரத வீதியில் ஒரு கடைக்காரர் சொன்னார்: “கலர் விக்காம இருந்தா நட்டந்தான் அண்ணாச்சி. ஆனா அத நிப்பாட்டுறது எங்க கையில இருந்துச்சுல்லா.”

அவர் சொன்ன அந்தக் ‘கையில இருந்துச்சு’தான் இந்தப் பயணம் முழுக்க என்னுடன் வந்தது.

ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டைப் பக்கம் போகும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் கட்டி முடித்தது. அக்கரையில் கொக்கிரகுளம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ஆறு அவ்வளவு பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வளாகத்துக்குள்ளேயே புகுந்தது. 1999 ஜூலை 23இல் இந்த வாசலை நோக்கித்தான் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தது. புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்து நடத்தியது. கூலி உயர்வு ஒரு கோரிக்கை. அதைவிட அவசரமானது, ஏற்கெனவே போராடிச் சிறைக்குப் போன 600க்கும் மேற்பட்ட தொழிலாளிகளை, பெண்கள் உட்பட, விடுதலை செய்யவேண்டும் என்பது. மனு கொடுக்க வந்தவர்கள். அலுவலகத்தை நெருங்கும் இடத்தில் போலீஸ் மறித்தது. தள்ளுமுள்ளு, கல்வீச்சு, தடியடி. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. ஓட வேறு வழி இல்லாத ஜனம் ஆற்றில் இறங்கியது. தண்ணீருக்குள் நின்றவர்கள் மேலும் தடி விழுந்தது. 2 பெண்கள், ஒரு பச்சைக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று ஊர்வலத்தில் போட்ட கோஷங்கள் எதுவும் இன்று பொதுமக்கள் நினைவில் இல்லை. நினைவில் நிற்பது அதற்கு எதிர்த்தரப்பு கொடுத்த வாக்கியம்: ‘ஆற்றில் மூழ்கி இறந்தார்கள்.’ அரசு நியமித்த நீதிபதி மோகன் ஆணையமும் 11 பேர் நீரில் மூழ்கியே இறந்ததாகச் சொன்னது. மூழ்கினார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஏன் ஆற்றில் இறங்கினார்கள், ஏன் கரையேற முடியவில்லை என்பதை அந்த வாக்கியம் விழுங்கிவிடுகிறது. எளிதில் சொல்லக்கூடியது, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளக்கூடியது. அதுவும் ஒரு கோஷம்தான், ஊர்வலம் இல்லாமல் பரவுகிற கோஷம். அதற்கு எதிராக நின்றது படம். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம், போலீஸ் தடி தண்ணீருக்குள் நின்ற தலைகள் மேல் இறங்குவதைக் காட்டியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ‘மூழ்கினார்கள்’ என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்கள்.

ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் கட்சிகளும் இயக்கங்களும் தனித்தனியாக வந்து ஆற்றில் மலர் தூவி, வீரவணக்கம் சொல்லிப் போகின்றன. ஒரு அமைப்பு போன பிறகு அடுத்தது வரவேண்டும், நேரம் ஒதுக்கி வைத்துப் போலீஸ் நிற்கும். நினைவுத்தூண் வேண்டும் என்பது ஆண்டுதோறும் எழும் கோரிக்கை. 1908இல் ஒரே கோஷத்தின் கீழ் செட்டியாரும் மில் தொழிலாளியும் மாணவனும் நின்றார்கள் என்று படிக்கிறோம். செத்துப்போன 17 பேருக்காக ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க இந்த ஊரால் முடியவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஏன் முடியவில்லை என்பதற்கு 1990களின் நெல்லையைத் தெரிந்திருக்க வேண்டும். அன்று இந்த வட்டாரத்தில் பெயரே கோஷமாகிவிட்டது. மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் என்று பெயர், பக்கத்து மாவட்டத்துக்குச் சிதம்பரனார் என்று பெயர், பஸ்ஸுக்கெல்லாம் தலைவர்கள் பெயர். 1997இல் விருதுநகரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்பியது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படையில் நின்று உயிர்விட்டவர் என்பது யாருக்கும் மறக்கவில்லை. அவர் பிறந்த சாதியும் யாருக்கும் மறக்கவில்லை, அதுதான் காரணம். கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் ஜூலை மாதம் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. இன்று நாம் ஏறும் பஸ்ஸின் பக்கவாட்டில் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்று மட்டும் இருப்பதற்குப் பின்னால் இத்தனை இரத்தம் இருக்கிறது.

பெயர் போன இடத்தில் நிறம் வந்தது. கிராமத்து மின்கம்பம், பாலத்துக் கைப்பிடிச் சுவர், நிழற்குடை, பள்ளிப் பையன்களின் மணிக்கட்டுக் கயிறு. இரண்டு நிறத்தைப் பார்த்தே இது யார் தெரு என்று சொல்லிவிடலாம். எழுத்தே இல்லாத முழக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிற்றை அறுக்கலாம். கம்பத்துக்கு வெள்ளையும் அடிக்கலாம். அதற்கு மேல் செய்யவேண்டியது வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது.

செங்கோட்டை ரயில் மேற்கே போகப் போகப் பொதிகை மலை ஜன்னல் பக்கம் நெருங்கி வருகிறது. வயல், வாழைத்தோப்பு, மறுபடியும் வயல். சேரன்மாதேவியில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட செய்தி இந்தச் சிறிய ஊரிலிருந்து கிளம்பி, 1924–25இல் தமிழகக் காங்கிரஸையே இரண்டாகப் பிளந்தது. பெரியார் 1925 முடிவதற்குள் காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் துறந்தார். சமபந்தி என்ற ஒற்றைக் கோரிக்கை இருபதாம் நூற்றாண்டுத் தமிழக அரசியலின் பாதையைத் திருப்பிவிட்ட இடம் இது. பிளாட்பாரத்தில் இறங்கி ஒரு தடவை நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றும் எனக்கு.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம். ஊர் எல்லையில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையோடு அந்தக் காலத்து நுழைவாயில் இன்னும் நிற்கிறது. எது தமிழ் மண், எது மலையாள மண் என்ற வழக்கு இங்கேயும் தெற்கே கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரத்திலும் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ‘தாய்த்தமிழகத்தோடு இணைப்போம்’ என்று நின்றது. சென்னைப் பக்கமிருந்து ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் கை கொடுத்தது. 1954 ஆகஸ்ட் 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் பட்டம் தாணுப் பிள்ளை அரசின் போலீஸ் சுட்டது. தன் கட்சி ஆட்சியே ஆனாலும் துப்பாக்கிச்சூட்டுக்குப் பொறுப்பேற்று விலகவேண்டும் என்று ராம் மனோகர் லோகியா சொன்னார், அவரைக் கட்சி கேட்கவில்லை. 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் கிழக்குப் பாதியும் தமிழகத்துக்கு வந்தன. மேற்கே ஆரியங்காவும் அச்சன்கோவிலும் கேரளத்தோடு நின்றன.

அந்த முழக்கத்தோடு சேர்ந்தே ஒலித்தது தேவிகுளமும் பீர்மேடும் வேண்டும் என்பது. அங்கேயும் தமிழர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். ஆனால் 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு அவற்றைக் கேரளத்துக்கே கொடுத்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் வேலைக்கு வந்து போகிறவர்கள், அந்த மண்ணின் நிலைத்த குடிகள் என்று அவர்களைக் கணக்கில் எடுக்கமுடியாது என்ற வாதம் அங்கே வென்றது. கல்குளத்து விவசாயிக்கும் செங்கோட்டை வியாபாரிக்கும் பட்டா இருந்தது, கடை இருந்தது. தேவிகுளத்துத் தொழிலாளிக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடு மட்டும் இருந்தது. மொழியும் ஒன்று, கோஷமும் ஒன்று. காலடியில் சொந்த மண் உள்ளவன் சொன்னால் அது மக்கள் கருத்து, இல்லாதவன் சொன்னால் வெறும் கூச்சல் என்று எடை போட்டிருக்கிறார்கள். செங்கோட்டையில் நின்றபோதுதான் கொக்கிரகுளம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

திரும்பி அம்பாசமுத்திரம் வந்து, கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறினேன். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பதிவு செய்யவேண்டும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடிக்கொண்டே ஏறும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழகத்திலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிந்தும் குத்தகை ஒழியவில்லை. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், அட்டைக் கடியில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் கீழேயிருந்து போன தலித் குடும்பங்கள். நான்காம் தலைமுறை இப்போது.

லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “சர்வீஸ் முடிஞ்சா வீட்ட ஒப்படைக்கணும். நான் பொறந்ததும் கம்பெனி வீடு, பெத்ததும் கம்பெனி வீடு. பொறவு எதப் போயிச் சொந்தம்னு சொல்ல?” என்றார். கீழே டவுன் கடைக்காரர் தன் கையில் இருந்ததாகச் சொன்ன அந்த ஒன்று இவர் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. வேலையை நிறுத்தினால் கூலி போகும். மலையை விட்டு இறங்கினால் வீடு போகும். அதனால்தான் 1999இல் அவர்கள் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக ஆட்சியர் வாசலுக்கு வரவேண்டியிருந்தது.

குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும், இல்லையென்றால் வன உரிமைச் சட்டப்படி எங்களுக்கு இங்கே இடம் கொடுங்கள் என்று தொழிலாளிகள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். 2024 டிசம்பரில் மதுரைக் கிளை அவர்கள் கேட்டதை ஏற்கவில்லை. காடு காடாகவே திரும்ப வேண்டும் என்பது இன்னொரு முழக்கம், அதிலும் நியாயம் இருக்கிறது. மணிமுத்தாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் மலை இது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காட்டுக்காகப் பேசுகிறவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் பேசி முடித்துவிடுகிறார்கள், நெல்லையில் கொழுந்து பறித்தவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசவில்லை. காட்டை மீட்கும் வேலையில் அவர்களையே காவலர்களாக, நாற்று நடுகிறவர்களாக வைத்துக்கொள்ள என்ன தடை? எந்த ஓடை எப்போது பெருகும், எந்தச் சரிவில் யானை இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. 1929 முதல் 2005 வரை 76 ஆண்டு. கூலிக்காரராக வந்தவர் காட்டுவாசி ஆகமாட்டார் என்று இதற்கும் பதில் சொல்கிறார்கள், தேவிகுளத்துக்குச் சொன்ன அதே பதில். நாலுமுக்கிலும் ஊத்திலும் அரசின் வாக்காளர் பட்டியல் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ரேஷன் கடை இருந்தது, கோயிலும் சர்ச்சும் கல்லறையும் இருக்கின்றன. ஓட்டுக் கேட்க ஒவ்வொரு கட்சியும் இந்த வளைவுகளில் ஜீப்பில் ஏறி வந்திருக்கிறது, மைக் பிடித்திருக்கிறது. அந்த 76 ஆண்டையும் வருஷவாரியாக, குடும்பவாரியாக, பிறப்புப் பதிவும் சம்பளப் புத்தகமும் வைத்து ஒரு வக்கீல் குழுவோ ஒரு கட்சியோ எழுதிக் காட்டவேண்டும். இறங்கிப் போனவர்களின் பிள்ளைகளில் சிலர் அதைத் தொடங்கவேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, தட்டச்சு செய்யவாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.